பேலன்சிங் எந்திரம் பூஜ்யம் காட்டியும் ஸ்டியரிங் உதறுவது ஏன்?

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன்; தவறிருந்தால் திருத்துங்கள். 2019ஆம் ஆண்டு ஸ்விஃப்ட். கம்பெனி கொடுத்த 15 அங்குல ரிம்களைக் கழற்றிவிட்டு, வெளிக்கடையில் வாங்கிய 16 அங்குல அலாய் வீல்களும் 195/55 ஆர்16 அளவில் புது டயர்களும் போட்டிருக்கிறீர்கள். அன்று முதல் வேகம் 85 கிலோமீட்டரைத் தொட்டதும் ஸ்டியரிங் உதறத் தொடங்குகிறது. 105-ஐத் தாண்டினால் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. மூன்று முறை பேலன்சிங் (சிறு வெயிட் ஒட்டிச் சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமமாக்குவது), இரண்டு முறை அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்வது) பார்த்தாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் எந்திரத்தில் பூஜ்யம்தான். “கொஞ்சம் ஓடினால் டயர் செட் ஆகிவிடும்” என்று கடையில் சொன்னார்கள். 1,500 கிலோமீட்டர் ஓடியும் ஆகவில்லை. கோளாறு ரிம்மிலா, டயரிலா, வண்டியிலா என்று கேட்கிறீர்கள். அதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: எந்திரம் சரி என்கிறது, கை இல்லை என்கிறது, யாரை நம்புவது? கையை நம்புங்கள். எந்திரமும் பொய் சொல்லவில்லை. அது தன் தண்டில் சக்கரம் எப்படிச் சுற்றுகிறது என்பதைச் சொல்கிறது. உங்கள் வண்டியின் ஹப்பில், அதாவது சக்கரத்தை மாட்டும் நடுப்பகுதியில், அதே சக்கரம் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. மூன்று முறையும் யாரும் பார்க்காமல் விட்டது அந்த உட்காரும் இடத்தைத்தான் என்று நினைக்கிறேன்.

கோயம்புத்தூரில் 22 ஆண்டுகளாக டயர், வீல் வேலைதான் எனக்குத் தொழில். அதற்கு முன் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்தேன். உங்கள் வண்டியை நான் பார்க்கவில்லை, தொடவில்லை. ஆகவே இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். எந்த வரிசையில் பார்த்தால் காசு வீணாகாமல் காரணம் பிடிபடும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும்.

நீங்கள் சொன்ன அறிகுறியே பாதி வழியைக் காட்டிவிடுகிறது. 195/55 ஆர்16 டயரின் விட்டம் ஏறத்தாழ 621 மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்கு 1.95 மீட்டர் தூரம். 85 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ 12 முறை சுற்றும், 105-இல் 15 முறை. சிறு கார்களின் முன் சஸ்பென்ஷனும் ஸ்டியரிங்கும் தாமாகவே ஆட விரும்பும் வேகம் ஏறக்குறைய இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. ஊஞ்சலை அது திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளினால் சிறு விரல் போதும். நேரம் தப்பித் தள்ளினால் பலம் போட்டும் ஆடாது. சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஒரு தள்ளல் வீதம் வந்துகொண்டிருக்கிறது. 85க்குக் கீழும் 105க்கு மேலும் அந்தத் தள்ளல் இல்லாமல் போகவில்லை, உங்கள் கைக்கு எட்டாமல் போகிறது, அவ்வளவுதான். ஆகவே ஒன்று நிச்சயம்: சுற்றுக்கு ஒரு முறை தள்ளும் ஏதோ ஒன்று முன் சக்கரங்களில் ஒன்றிலோ இரண்டிலுமோ இருக்கிறது. பின் சக்கரத்தில் இருந்தால் அதிர்வு பெரும்பாலும் இருக்கையிலும் தரையிலும் தெரியும், ஸ்டியரிங்கில் இவ்வளவு தெளிவாகத் தெரியாது.

இதிலிருந்தே சிலவற்றைத் தள்ளிவிடலாம். பிரேக் மிதிக்கும்போது மட்டும் உதறினால் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். உங்களுக்கு மிதிக்காமலே உதறுகிறது. ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது வந்து, காலை எடுத்ததும் நின்றால் ஆக்ஸிலின் உள் மூட்டைச் சந்தேகிக்கலாம். நேரான, காலியான சாலையில் 100-ஐத் தொட்டபின் காலை எடுத்து வண்டியைத் தன்போக்கில் உருள விட்டுப் பாருங்கள். உதறல் அப்படியே தொடர்ந்தால் என்ஜினும் ஆக்ஸிலும் கணக்கிலிருந்து வெளியே. அலைன்மென்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. வண்டி ஒரு பக்கம் இழுப்பதற்கும் டயர் ஓரம் தேய்வதற்கும் அது காரணம். குறிப்பிட்ட வேகத்தில் வந்து போகும் உதறலுக்கு அது காரணம் அல்ல. உதறுகிறது என்று வந்தவரிடம் இரண்டாம் முறையும் அலைன்மென்ட்டுக்குப் பணம் வாங்கியது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. டயர் அளவையும் குற்றம் சொல்ல வேண்டாம். ஸ்விஃப்ட்டுக்கு வரும் 165/80 ஆர்14, 185/65 ஆர்15, நீங்கள் போட்ட 195/55 ஆர்16, மூன்றின் விட்டமும் 620 மில்லிமீட்டரையொட்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசத்துக்குள் அடங்கிவிடுகின்றன. அளவைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள்.

இப்போது உட்காரும் இடத்துக்கு வருகிறேன். ஸ்விஃப்ட்டின் ஹப்பில் நடுவே ஒரு வட்ட மேடு இருக்கும், விட்டம் 54.1 மில்லிமீட்டர். கம்பெனி ரிம்மின் நடுத்துளையும் அதே அளவு. மாட்டும்போதே ரிம் அந்த மேட்டில் இறுக்கமாக ஏறி, நட் போடுவதற்கு முன்பே நடுவில் நின்றுவிடும். வெளிச்சந்தை ரிம்கள் அப்படி அல்ல. ஒரே ரிம்மைப் பல கார்களுக்கும் விற்க வேண்டும் என்பதால் நடுத்துளையைப் பெரிதாகக் குடைந்துவிடுவார்கள்; 67.1, 73.1 என்ற அளவுகள் சாதாரணம். ஹோண்டா சிட்டிக்கு 56.1, போலோவுக்கு 57.1, உங்களுக்கு 54.1 என்று மிச்ச இடைவெளியை ஒரு வளையம் போட்டு அடைப்பார்கள். ஹப் ரிங் என்றும் சென்டர் ரிங் என்றும் சொல்வோம். அந்த வளையம் இல்லாவிட்டாலோ, வேறு காருக்கான வளையம் போட்டிருந்தாலோ, ரிம்மை நடுவில் நிறுத்தும் வேலை முழுவதும் நான்கு நட்டுகளின் கூம்பு முனை மீது விழுகிறது.

நடுவிலிருந்து கொஞ்சம் விலகினால்தான் என்ன என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். டயரும் ரிம்மும் சேர்ந்து 17 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அது நடுவிலிருந்து அரை மில்லிமீட்டர் விலகி மாட்டப்பட்டால், ரிம்மின் விளிம்பில் 40 கிராமுக்கும் மேல் ஒரு வெயிட்டைத் தவறான இடத்தில் ஒட்டியதற்குச் சமம். 100 கிலோமீட்டர் வேகத்தில் வெறும் 30 கிராம் வெயிட்டே நொடிக்கு 14 முறை ஐந்து கிலோ அளவுக்கு இழுக்கும். அதோடு முடியவில்லை. விலகி மாட்டிய சக்கரம் சுற்றும்போது டயர் தரையை ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் அழுத்துகிறது. இந்த அளவு டயரை ஒரு மில்லிமீட்டர் அமுக்கத் தோராயமாக 20 கிலோ பளு வேண்டும். அரை மில்லிமீட்டர் விலகலுக்கு 10 கிலோ ஏறி இறங்கும். எந்திரத்தில் இந்தச் சக்கரத்தை மாட்டியபோது அதன் கூம்பு ரிம்மின் பெரிய துளையில் சரியாக அமர்ந்து நடுவில் நிறுத்தியிருக்கும், பூஜ்யம் வந்திருக்கும். வண்டிக்கு வந்ததும் நடு மாறிவிட்டது. இன்னும் பத்து முறை பேலன்சிங் செய்தாலும் பத்து முறையும் பூஜ்யம்தான் காட்டும்.

ஆகவே வீல்களைக் கழற்றி, பின்புறத்தைத் திருப்பி, வளையம் இருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். இருந்தால் வெர்னியர் வைத்து உள்விட்டத்தை அளக்கச் சொல்லுங்கள், 54.1 வர வேண்டும். ஹப்பில் கையால் தள்ளினால் ஏற வேண்டும், ஏறியபின் விரலால் ஆட்டினால் ஆடக் கூடாது. வெளிப்பக்கம் ரிம்மின் துளையிலும் அதே போல ஆட்டமின்றி இருக்க வேண்டும். 56.1 வளையம் போட்டிருந்தால் எல்லாப் பக்கமும் ஒரு மில்லிமீட்டர் காற்று இருக்கும். பார்வைக்கு வளையம் இருக்கிறது, வேலைக்கு இல்லை. வளையம் பிளாஸ்டிக்கா அலுமினியமா என்பது இரண்டாம் விஷயம். ஊட்டி, கொடைக்கானல் என்று மலை இறங்கிப் பிரேக் சூடேறும் வண்டிகளில் பிளாஸ்டிக் வளையம் இளகி விரிசல் விட்டதை நான் பார்த்திருக்கிறேன். அலுமினியம் துரு கோர்த்து ஹப்போடு பிடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் தொல்லை உண்டு. அளவு சரியாக இருப்பதுதான் முக்கியம்.

வளையம் கட்டாயமா என்பதில் எங்கள் தொழிலிலேயே கருத்து வேறுபாடு இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. கூம்பு நட் சரியாக இருந்து, சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கும்போது கையால் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கினால் வளையம் இல்லாமலே ரிம் நடுவில் நிற்கும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. வண்டியின் பளுவை அந்த வளையம் தாங்குவதும் இல்லை. நட்டின் இறுக்கத்தில் ரிம்முக்கும் ஹப்புக்கும் இடையே வரும் பிடிமானம்தான் தாங்குகிறது. ஆனால் கடையில் நடப்பது வேறு. முதல் நட்டை ஏர் கன்னால் ஒரே அடியாக இறுக்கிவிடுவார்கள். சக்கரம் தன் எடையில் கீழே தொங்கிய நிலையிலேயே சிக்கிக்கொள்ளும். மற்ற மூன்று நட்டும் அதை நடுவுக்கு இழுக்க முடியாது. வளையம் இருந்தால் இந்த அவசரத்தையும் அது மன்னித்துவிடுகிறது. என் கடையில் வளையம் இல்லாமல் வெளி ரிம் மாட்டுவதில்லை.

அடுத்து நட். இதில் உதறலைவிடப் பெரிய ஆபத்து இருப்பதால் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். ஸ்விஃப்ட்டின் ஸ்டட், அதாவது நட் ஏறும் போல்ட், 12 மில்லிமீட்டர் கனம், மரை இடைவெளி 1.25. ஹூண்டாய், ஹோண்டா, டொயோட்டா கார்களில் அதே 12 மில்லிமீட்டருக்கு மரை 1.5. புது ரிம்மோடு பளபளக்கும் நட்டுகளை ஒரு பையில் போட்டுக் கொடுத்திருப்பார்கள், அவை 1.5 மரையாக இருந்தால் கையால் ஒன்றிரண்டு சுற்று ஏறி நின்றுவிடும். ஏர் கன் வைத்தால் மரையைத் தின்றுகொண்டே ஏறும். இறுகியதுபோல் தோன்றும், இறுகியிருக்காது. எனவே ஒவ்வொரு நட்டும் கையாலேயே கடைசி வரை ஏறுகிறதா என்று பாருங்கள். முனையின் வடிவமும் பொருந்த வேண்டும். வெளி ரிம்களில் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு இருக்கை; ஹோண்டாவின் சொந்த நட்டுக்கு உருண்டை முனை, டொயோட்டா அலாய்களில் வாஷர் வைத்த தட்டை நட் வரும். உருண்டை முனையைக் கூம்புக் குழியில் வைத்தால் ஒரு மெல்லிய கோட்டில் மட்டும் தொடும். நடுவிலும் நிறுத்தாது, இறுக்கமும் நிலைக்காது. கழற்றிய ரிம்மின் நட் குழிகளில் கூம்பு முழுவதும் பளிச்சென்று தேய்ந்திருந்தால் நல்லது. ஓரத்தில் ஒரு கோடு மட்டும் தெரிந்தால் நட் தவறு.

இரண்டு அளவுக்குப் பொருந்த எட்டு ஓட்டை போட்ட ரிம் என்றால் பி.சி.டி.யையும், அதாவது நட் ஓட்டைகளின் நடு வழியே போகும் வட்டத்தின் விட்டத்தையும், பார்த்துவிடுங்கள். உங்களுக்கு நான்கு ஸ்டட், 100 மில்லிமீட்டர். பழைய ஃபியட் கார்களுக்கு 98. இரண்டு மில்லிமீட்டர்தானே என்று 98 ரிம்மை 100 ஹப்பில் இழுத்துக் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி என்றால் சரிசெய்ய வழி தேட வேண்டாம், ரிம்மைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மூன்றாவது இடம் ஹப்பின் முகம், அதாவது ரிம்மின் முதுகு படியும் தட்டையான பரப்பு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு கார் இதே புகாருடன் என்னிடம் வந்தது. நான்கு முறை பேலன்சிங் செய்தேன். டயரைப் புரட்டிப் போட்டேன். எதுவும் உதவவில்லை. எனக்குத் தொழில் சொல்லித்தந்த அண்ணன் வந்து வீலைக் கழற்றி, ஸ்டட்டின் அடியில் நகத்தை விட்டுத் துழாவினார். டிஸ்க் விழாமல் இருக்கத் தொழிற்சாலையில் ஸ்டட்டில் செருகும் மெல்லிய வளையம் ஒன்று அங்கேயே இருந்தது. கம்பெனி ரிம்மின் பின்புறத்தில் அதற்கு இடம் விட்டு வார்த்திருந்தார்கள். வெளி ரிம்மின் முதுகு முழுத் தட்டை. அந்த மெல்லிய தகட்டின் மீது ரிம் ஒரு பக்கம் தூக்கி நின்றுகொண்டிருந்தது. எடுத்துப் போட்டதும் உதறல் நின்றது. அந்த வாடிக்கையாளரை ஒரு வாரம் அலையவிட்டது நான் என்ற வருத்தம் இன்றும் இருக்கிறது. துருச் செதில், ரிம்மின் முதுகில் திரண்ட பெயின்ட், மாட்டும்போது ஒட்டிய ஒரு மணல் பருக்கை, எல்லாமே இதே வேலையைச் செய்யும். கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்த்து, துணியால் துடைத்து, விரல் நுனியால் தடவிப் பார்த்த பிறகே ரிம்மை ஏற்ற வேண்டும்.

இப்போது வரிசை. பழைய ரிம்களை விற்றுவிடவில்லை என்றால் முதல் வேலை அவற்றை நான்கு பக்கமும் மாட்டி அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டுவது. உதறல் போய்விட்டால் கோளாறு புது வீல் டயரிலோ அவை உட்காரும் விதத்திலோ இருக்கிறது. பழைய ரிம்மிலும் உதறினால் ரிம் கடைக்காரரோடு சண்டை வேண்டாம், வண்டியைப் பாருங்கள். கூலி கொஞ்சம், விடை தெளிவு. இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. இதைச் செய்யாமல் நேராக டயர் மாற்றச் சொல்பவரிடம் தயவுசெய்து பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்து, புது வீல்களை முறையாக மாட்டுவது. ஜாக்கியில் தூக்கி, ஹப் முகத்தைச் சுத்தம் செய்து, சரியான வளையத்தோடு ரிம்மை ஏற்றி, நான்கு நட்டையும் கையால் முடிந்த வரை ஏற்றுங்கள். பிறகு சாதாரண வீல் ஸ்பேனரால் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக, இடையிடையே சக்கரத்தை லேசாக ஆட்டிக்கொண்டே இறுக்குங்கள். தரையில் இறக்கிய பிறகு டார்க் ரெஞ்ச், அதாவது இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர். சிறு கார்களுக்கு 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை இருக்கும். உங்கள் வண்டியின் கையேட்டில் போட்டிருக்கும் எண்ணையே வைத்துக்கொள்ளுங்கள். அளவுக்கு மீறி, அதுவும் ஒரு நட் அதிகம் ஒரு நட் குறைவு என்று இறுக்கினால் டிஸ்க் கோணும். நாளடைவில் பிரேக் பிடிக்கும்போதும் உதறல் வந்து சேரும். 50, 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி இறுக்கம் பாருங்கள், புது அலாய்களில் நட் இருக்கை கொஞ்சம் அமரும். இத்தனை செய்தபின் உதறல் குறைந்தாலோ, குணம் மாறினாலோ, உட்காரும் இடம்தான் காரணம் என்று எடுத்துக்கொள்ளலாம். என்னிடம் வந்த உங்களுடையது போன்ற வண்டிகளில் அதிகம் இந்தப் படியிலேயே தீர்ந்தன.

தீரவில்லை என்றால் முன் பின் சக்கரங்களை மாற்றிப் போடுங்கள். உதறல் ஸ்டியரிங்கை விட்டு இருக்கைக்குப் போனால் முன்னால் இருந்த இரண்டில் ஒன்று குற்றவாளி. அந்த இரண்டை மட்டும் பேலன்சிங்குக்குக் கொண்டு போங்கள், கூடவே நின்று ஒன்றைச் செய்யச் சொல்லுங்கள். எந்திரத்தில் பூஜ்யம் வந்த பிறகு, வெயிட் எதையும் தொடாமல், பிடியைத் தளர்த்தி, சக்கரத்தைத் தண்டின் மீது அரைச் சுற்றுத் திருப்பி, மறுபடி இறுக்கி ஓட விட வேண்டும். அப்போதும் பூஜ்யமோ ஐந்து கிராமோ வந்தால் அந்த எந்திரத்தை நம்பலாம். 15, 20 கிராம் என்று காட்டினால் எந்திரத்திலேயே சக்கரம் நடுவில் உட்காரவில்லை. கூம்பு பொருந்தவில்லை, அல்லது தண்டு தேய்ந்திருக்கிறது. அந்தப் பூஜ்யத்துக்கு மதிப்பே இல்லை. பல எந்திரங்கள் சிறு கிராம்களைப் பூஜ்யமாகவே காட்டிவிடும் என்பதால், நுண்ணளவு காட்டும் பொத்தானையும் அழுத்தச் சொல்லுங்கள். ரிம்மின் உள்பக்கம் காய்ந்த சேறு அப்பியிருந்தால் கழுவிவிட்டுச் செய்ய வேண்டும். பழைய ஒட்டு வெயிட்டுகளைச் சுரண்டி எடுத்துவிட்டுச் செய்வது இன்னும் நல்லது.

அதே நேரம் ரிம்மும் டயரும் உருண்டையாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வீட்டிலேயே பார்க்கலாம். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, அடியில் ஸ்டாண்ட் கொடுத்து, ரிம்மின் விளிம்பை ஒட்டி ஒரு செங்கல்லின் மீது பென்சிலை அசையாமல் வையுங்கள். சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினால் பென்சிலுக்கும் ரிம்முக்கும் இடையேயான இடைவெளி கூடிக் குறைவது தெரியும். பிறகு டயரின் ஓடுபரப்புக்கு நேராக வைத்து அதையே செய்யுங்கள். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் அளவு ஆட்டம் இருந்தால் கடையில் டயல் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். ரிம் 0.8 மில்லிமீட்டருக்கு மேல் ஏறி இறங்கினால் நான் அதைப் புது ரிம் என்று ஏற்க மாட்டேன், டயர் 1.5-ஐத் தாண்டினால் சந்தேகப்படுவேன். இது என் கைக்கணக்கு, உங்கள் கார் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. கோணலான ரிம்மையும் முட்டை வடிவ டயரையும் பேலன்ஸ் செய்து பூஜ்யம் கொண்டுவர முடியும். ஆனால் சாலையில் ஏறி இறங்குவதை ஈய வெயிட் நிறுத்தாது. புது ரிம்மில் பெண்டு எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். காசு கொடுத்து வாங்கியது புது ரிம், மாற்றித்தான் தர வேண்டும்.

டயர் செட் ஆகும் என்று சொன்னார்களே, அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. டயரை ஏற்றும்போது தடவிய வழுக்குத் திரவம் காய்வதற்குள் கடுமையாகப் பிரேக் பிடித்தால் டயர் ரிம்மின் மீது சற்று நகர்ந்துவிடும், செய்த பேலன்ஸ் தவறிவிடும். நாள்கணக்கில் நிறுத்திய வண்டியின் டயரில் தரை பட்ட இடம் தட்டையாகி, கொஞ்சம் தூரம் ஓடிச் சூடேறியதும் சரியாகும். இரண்டுமே முதல் நாள் கதை. 1,500 கிலோமீட்டருக்குப் பிறகு தானாகச் செட் ஆக எதுவும் மிச்சமில்லை. ஒன்றை மட்டும் பார்த்துவிடுங்கள்: டயரின் பக்கச் சுவரில், ரிம் விளிம்பை ஒட்டி, சுற்றிலும் ஒரு மெல்லிய கோடு வார்த்திருக்கும். அந்தக் கோட்டுக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் கோடு உள்ளே புதைந்திருந்தால் டயர் அங்கே இருக்கையில் ஏறவில்லை. காற்றை இறக்கி, மறுபடி திரவம் தடவி ஏற்ற வேண்டும், 40 பி.எஸ்.ஐ.க்கு மேல் அடித்து உட்கார வைக்க முயலக் கூடாது.

ரிம்மும் சரி, டயரும் எல்லைக்குள் என்றால் கடைசி வழி, டயரை ரிம்மின் மீது அரைச் சுற்றுத் திருப்பி ஏற்றுவது. ரிம்மின் மேடும் டயரின் மேடும் ஒரே பக்கம் சேர்ந்திருந்தால் இரண்டும் கூடித் தொல்லை தரும். எதிரெதிராக வைத்தால் ஒன்றை ஒன்று அடக்கும். டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது லேசான இடம், வழக்கமாக வால்வுக்கு நேராக வைப்போம். சிவப்புப் புள்ளி டயரின் மேடான, விறைப்பான இடத்தைக் காட்டும். ரிம்மில் தாழ்ந்த இடத்துக்குக் குறி இருந்தால் அதற்கு நேராக வைக்க வேண்டும். இந்த விறைப்பு வேறுபாட்டைச் சாதாரணப் பேலன்சிங் எந்திரம் அளக்காது. டயரின் மீது உருளையை அழுத்தி, சாலையில் ஓடுவதுபோல் வைத்து அளக்கும் எந்திரம் வேண்டும். நம் ஊர்களில் அது எல்லாக் கடைகளிலும் கிடைக்காது. மற்ற எல்லாம் பார்த்தும் தீராத வண்டிக்கு மட்டும் அதைத் தேடிப் போங்கள்.

நிச்சயமில்லாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். வெளி ரிம்களில் ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது ஹப்பில் படியும் முகத்துக்கும் உள்ள தூரம்) குறைவாக இருந்து சக்கரம் வெளியே தள்ளி நின்றால், இருக்கும் அதிர்வு ஸ்டியரிங்குக்குக் கூடுதலாக வந்து சேரும். அது அதிர்வைப் பெருக்கும், உண்டாக்குவதில்லை. எவ்வளவு பெருக்கும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். அதேபோல 2019ஆம் ஆண்டு வண்டி என்றால் சஸ்பென்ஷன், ஸ்டியரிங் இணைப்புகளான லோயர் ஆர்ம் புஷ், டை ராட் எண்டு, பால் ஜாயின்ட் ஆகியவை கொஞ்சம் தளர்ந்திருக்கலாம். 15 அங்குல டயரின் உயரமான பக்கச் சுவர் விழுங்கிக்கொண்டிருந்த சிறு ஆட்டத்தை இப்போதைய குட்டைச் சுவர் அப்படியே கைக்கு அனுப்புகிறது. சக்கரத்தைத் தூக்கியிருக்கும்போது இரு பக்கமும் பிடித்தும் மேலும் கீழும் பிடித்தும் ஆட்டிப் பார்த்தால் பெரிய தளர்வு தெரிந்துவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் காத்திருக்க வேண்டாம். 30, 40 கிலோமீட்டர் வேகத்திலேயே ஸ்டியரிங் இடமும் வலமுமாக அசைந்தாலோ, டயரின் ஓடுபரப்பிலோ பக்கச் சுவரிலோ புடைப்புத் தெரிந்தாலோ, நட் தளர்ந்திருந்தாலோ நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள். முதலாவது வளைந்த ரிம்மின் அடையாளமாக இருக்கலாம், அல்லது டயருக்குள் அடுக்குப் பிரிவதன் அடையாளமாக இருக்கலாம். பிரிந்த டயர் எப்போது வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. டயரின் பக்கத்தில் இருக்கும் நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. புது டயர் என்று விற்றது எத்தனை ஆண்டு கிடங்கில் கிடந்தது என்பது அதில் தெரிந்துவிடும்.

கடைசியாக, ஸ்டெப்னி பழைய இரும்பு ரிம்மாகவே இருப்பது பரவாயில்லையா என்று கேட்டிருந்தீர்கள். விட்டம் ஒன்றே என்பதால் டயர் கடை வரை போய்ச் சேர அது போதும். ஆனால் கம்பெனி நட்டுகளை ஒரு பையில் போட்டு டிக்கியிலேயே வையுங்கள், ஏனென்றால் வெளி ரிம்முக்கான நட்டுகள் இரும்பு ரிம்முக்குப் பொருந்தாமல் போகலாம். வீலைக் கழற்றும்போது ஹப் ரிங் சில நேரம் ரிம்மோடு வராமல் ஹப்பிலேயே ஒட்டி நின்றுவிடும். அதன் மீது இரும்பு ரிம்மை ஏற்ற முயன்றால் ரிம் முகத்தோடு முகம் படியாது. கையால் வருடிப் பார்த்து, வளையம் இருந்தால் நெம்பி எடுத்துவிட்டு ஸ்டெப்னியை மாட்டுங்கள். எடுத்த வளையத்தை அதே நட் பையில் போட்டு வையுங்கள், பஞ்சர் ஒட்டிய அலாயைத் திரும்ப மாட்டும்போது அது வேண்டும்.